காப்பீட்டை முடிவு செய்துவிட்டு உரக்கடைக்குப் போங்கள்: சிறு விவசாயிக்கு ஒரு முதலீட்டுக் கணக்கு

பயிர்க் காப்பீடு என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "கட்டின பணம் திரும்ப வருமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் காப்பீட்டின் பாதிப் பயன் கண்ணில் படாமலே போய்விடும். இழப்பீடு வந்தால் பெரும்பாலும் அறுவடைக்கு அப்புறம்தான் வரும். எந்தப் பயிர், எந்த விதை, எவ்வளவு உரம், எவ்வளவு கடன் என்ற முடிவுகளை எல்லாம் விதைப்புக்கு முன்னாலேயே எடுத்தாக வேண்டும். கையில் பாலிசி இருக்கிறதா, அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று தெரிந்தவர் இந்த முடிவுகளை ஒரு மாதிரி எடுப்பார், தெரியாதவர் வேறு மாதிரி எடுப்பார்.

பெரும்பாலானவர்கள் விதை, உரம் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் பிரீமியம் கட்டுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. முதன்முறையாகச் சொந்தமாகப் பயிர் வைப்பவர்களையும், முதன்முறையாகக் காப்பீடு எடுப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வயலைக் கெடுப்பது எது?

ஒரு தாளை எடுத்து, கடந்த பத்து வருடங்களில் உங்கள் நிலத்தில் மகசூல் விழுந்த வருடங்களை எழுதுங்கள். நிலத்துக்குப் புதியவர் என்றால் பக்கத்து வயல்காரர்களைக் கேளுங்கள், ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் வேண்டும். காரணம் என்ன? அது உங்கள் வயலை மட்டும் அடித்ததா, சுற்றுவட்டாரம் முழுவதையும் அடித்ததா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். வறட்சி, புயல், பெருவெள்ளம் எல்லாம் எல்லோர் வயலுக்கும் சேர்ந்து வருபவை. காட்டுப்பன்றி, தாழ்ந்த மூலையில் தேங்கும் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் கொட்டிவிட்டுப் போகும் ஆலங்கட்டி மழை ஆகியவை தனி ஆளுக்கு வரும் நஷ்டம். சிறு விவசாயிகளுக்கான பெரும்பாலான திட்டங்கள் முதல் வகைக்காகவே செய்யப்பட்டவை. உங்கள் தாளில் இரண்டாவது வகைதான் அதிகம் என்றால், காப்பீட்டைவிட ஒரு வேலியோ வடிகால் வாய்க்காலோ நல்ல முதலீடாக இருக்கலாம். விலைச் சரிவையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மகசூலையோ மழையையோ அளக்கும் பாலிசி, நல்ல விளைச்சலுக்குக் கெட்ட விலை கிடைத்தால் ஒன்றும் தராது.

இரண்டாவது படி: பாலிசி எதை அளக்கிறது?

பாலிசியின் பெயரையும் விளம்பரத்தையும் விடுங்கள். எதை அளந்து பணம் தருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

உங்கள் வயலுக்கே ஆள் வந்து சேதத்தைப் பார்ப்பது ஒன்று. இதுதான் விவசாயிக்கு மனநிறைவு தருவது. ஆனால் துண்டு துண்டான சிறு நிலங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினால் செலவு பிரீமியத்தைத் தாண்டிவிடும். அதனால் சிறு விவசாயிகளுக்கு இது தனியாகக் கிடைப்பது குறைவு, வேறொரு திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் பெரும்பாலும் வரும்.

அடுத்தது வட்டார மகசூல். ஒரு கிராமத்தையோ பல கிராமங்களையோ ஒரே அலகாக வைத்து, சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்து எடைபோட்டு, அந்தச் சராசரியை வைத்து எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் தருவார்கள். இந்தியாவில் 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் அடிப்படை இதுதான்.

மூன்றாவது வானிலைக் குறியீடு. மழை மானியோ செயற்கைக்கோளோ காட்டும் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினாலோ மேலே போனாலோ பணம், யாரும் வயலுக்கு வரமாட்டார்கள். மழை அளவை வைத்தே காப்பீடு தரலாம் என்று மைசூரின் ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920-லேயே திட்டம் எழுதினார். இந்தியாவில் அது விற்பனைக்கு வந்தது 2003-இல், மகபூப்நகர் மாவட்டத்தில். 2010-இல் கென்யாவின் மார்சபிட் பகுதியில், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பசுமையை வைத்துக் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள்.

வட்டார மகசூல் பாலிசியில் கணக்கு எப்படி ஓடும் என்று ஒரு உதாரணம் பார்ப்போம். உங்கள் வட்டாரத்தின் கடந்தகாலச் சராசரி 20 மூட்டை, உத்தரவாத நிலை, அதாவது அந்தச் சராசரியில் பாலிசி உறுதி தரும் பங்கு, 80 சதவீதம். அப்படியானால் எல்லைக்கோடு 16 மூட்டை. இந்த வருடம் வட்டாரச் சராசரி 12 மூட்டைக்கு இறங்கினால் குறைவு 4 மூட்டை, அதாவது பதினாறில் கால் பங்கு. காப்பீட்டுத் தொகையில், அதாவது பாலிசி அதிகபட்சம் தரும் பணத்தில், 25 சதவீதம் கிடைக்கும். உங்கள் வயலில் ஒரு மூட்டைகூட விளையவில்லை என்றாலும் அதே 25 சதவீதம்தான். உங்கள் வயலில் மட்டும் 20 மூட்டை விளைந்திருந்தாலும் அதே 25 சதவீதம். வட்டாரச் சராசரி 17 என்று வந்து, உங்கள் வயல் முழுக்கக் காய்ந்திருந்தால்? ஒன்றும் இல்லை.

இந்தக் கடைசி வரியை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நஷ்டத்துக்கும் பாலிசி அளக்கும் நஷ்டத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியை விளக்காமல் பாலிசி விற்பவர் யாராக இருந்தாலும் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது படி: நான்கு கட்டக் கணக்கு

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரு சதுரம் போட்டு நான்காகப் பிரியுங்கள். விளைந்தது, பணம் வரவில்லை: இது முதல் கட்டம். விளையவில்லை, பணம் வந்தது: இரண்டாவது. விளையவில்லை, பணமும் வரவில்லை: மூன்றாவது. விளைந்தது, பணமும் வந்தது: நான்காவது. நான்காவதை மறந்துவிடலாம், அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் உரம் வாங்கக் கூடாது.

இப்போது மூன்று சாகுபடித் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கற்பனை, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கனத் திட்டத்தில் செலவு 60, நல்ல வருடத்தில் வரவு 100, கெட்ட வருடத்தில் 30. நடுத்தரத் திட்டத்தில் செலவு 80, வரவு 140 அல்லது 25. முழு முதலீட்டுத் திட்டத்தில் செலவு 100, வரவு 180 அல்லது 20. பிரீமியம் 4, கெட்ட வருடத்தில் இழப்பீடு வந்தால் 40 என்று வைப்போம்.

முழு முதலீட்டில் முதல் கட்டம் 76 லாபம், இரண்டாவது 44 நஷ்டம், மூன்றாவது 84 நஷ்டம். நடுத்தரத்தில் 56 லாபம், 19 நஷ்டம், 59 நஷ்டம். சிக்கனத்தில் 36 லாபம், 6 லாபம், 34 நஷ்டம்.

எல்லோரும் முதல் கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். வீட்டுச் சேமிப்பு, விற்கக்கூடிய ஆடு மாடு, வேறு வேலையில் வரும் கூலி எல்லாம் சேர்த்து, நிலத்தையோ பிள்ளைகளின் படிப்பையோ தொடாமல் தாங்கக்கூடிய நஷ்டம் 60 என்றால், முழு முதலீட்டுத் திட்டம் உங்களுக்கு இல்லை. நடுத்தரத் திட்டம்தான் உச்சவரம்பு. காப்பீடு இருக்கிறதே என்று இந்த வரம்பை உயர்த்தாதீர்கள். மூன்றாவது கட்டத்தில் காப்பீடு நஷ்டத்தைக் குறைக்கவில்லை, பிரீமியம் அளவுக்குக் கூட்டத்தான் செய்திருக்கிறது. பொருளியலாளர் டேனியல் கிளார்க் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணிதமாகக் காட்டுகிறது: ரொம்ப எச்சரிக்கையான விவசாயி குறியீட்டுக் காப்பீட்டை (உங்கள் வயலைப் பார்க்காமல் வட்டார மகசூலையோ மழையையோ அளந்து பணம் தருவதை) வேண்டாம் என்று சொன்னால், அதில் அறியாமை எதுவும் இல்லை.

அப்படியானால் காப்பீடு எதை மாற்றுகிறது? இரண்டாவது கட்டத்தை. காப்பீடு இல்லாத நடுத்தரத் திட்டத்தில் கெட்ட வருடம் என்றாலே 55 நஷ்டம். நிலத்துக்குப் பொருந்தும் காப்பீடு இருந்தால் கெட்ட வருடங்களில் பெரும்பாலானவை 19 நஷ்டத்தோடு முடியும். சேமிப்பு 60 இருந்தும், அதைத் துடைத்துப் போட மனமில்லாமல் சிக்கனத் திட்டத்திலேயே வருடக்கணக்காக நின்றிருப்பவர், இப்போது ஒரு படி ஏறலாம். வரம்பை மூன்றாவது கட்டம் சொல்கிறது, அந்த வரம்புக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதை இரண்டாவது கட்டம் சொல்கிறது.

சரி, மூன்றாவது கட்டம் எத்தனை தடவை வரும்? முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். அந்தக் கெட்ட வருடங்களில் எத்தனை வருடம் வட்டாரத்துக்கு இழப்பீடு வந்தது என்று விசாரியுங்கள். ஐந்தில் நான்கு என்றால் பாலிசி உங்கள் நிலத்துக்குப் பொருந்துகிறது. ஐந்தில் இரண்டு என்றால், அதை நம்பிச் சாகுபடித் திட்டத்தை மாற்றாதீர்கள். பிரீமியம் மானியத்தில் மலிவாகக் கிடைத்தால் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

நான்காவது படி: பிரீமியம் பணத்தை அறுவடையின்போதே ஒதுக்குவது

பிரீமியம் கட்டும் நாள் எப்போதும் கை வறண்டிருக்கும் நாளாகவே இருக்கும். விதை, உழவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதே மாதத்தில் வந்து நிற்கும். இது எவ்வளவு பெரிய தடை என்று கென்யாவில் கரும்பு விவசாயிகளிடம் நடந்த பரிசோதனை காட்டியது. லொரென்சோ கசபூரி, ஜாக் வில்லிஸ் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிரீமியத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னபோது 5 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். அதே காப்பீட்டுக்கு, அறுவடைப் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றபோது 72 சதவீதம் பேர் எடுத்தார்கள்.

உங்கள் ஊரில் அப்படிப் பிடித்துக்கொள்ளும் வசதி இல்லையென்றால் நீங்களே அதைச் செய்துகொள்ளலாம். அறுவடைப் பணம் கைக்கு வந்த அன்றே அடுத்த பட்டத்துக்கான பிரீமியத்தைத் தனியாக எடுத்து, எளிதில் எடுக்க முடியாத ஒரு கணக்கில் போடுங்கள். கடைசித் தேதி தெரியாமல் தவறவிடுபவர்களும் நிறையப் பேர். பல இடங்களில் விதைப்புக் காலம் முடிவதற்கு முன்பே பதிவு முடிந்துவிடும். மழை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டலாம் என்று காத்திருந்தால் கதவு மூடியிருக்கும். அப்படி மூடுவதற்குத்தான் அந்தத் தேதியே.

ஐந்தாவது படி: செலவைத் தவணையாகப் பிரியுங்கள்

வடக்கு கானாவில் டீன் கார்லன், கிறிஸ்டோபர் உத்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் சில விவசாயிகளுக்கு ரொக்கமும், சிலருக்கு மழைக் காப்பீடும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவுப்படி, காப்பீடு பெற்றவர்கள் ரொக்கம் வாங்காமலேயே எங்கிருந்தோ பணம் புரட்டிச் சாகுபடியில் கூடுதலாகப் போட்டார்கள். அதுவரை அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது பணமில்லாத குறையைவிட, போட்டது போய்விடுமோ என்ற பயம்தான். ஆந்திரத்தில் நடந்த இன்னொரு பரிசோதனையில் படம் கொஞ்சம் வேறு. மொத்தச் செலவு பெரிதாக மாறவில்லை. ஆனால் மழையை நம்பியிருக்கும், விலை கூடுதலாகக் கிடைக்கும் ஆமணக்கு, நிலக்கடலை போன்ற பணப்பயிர்களுக்குச் செலவு நகர்ந்தது.

இரண்டும் நல்ல பயன்தான், அளவோடு இருந்தால். சீனாவில் ஜியாங்சி மாகாணத்துப் புகையிலை விவசாயிகளிடம் காப்பீடு வந்தபின் புகையிலைப் பரப்பு சுமார் 20 சதவீதம் கூடியது, பயிர்களின் வகை குறைந்தது. காப்பீடு செய்த பயிரின் பக்கமே நிலம் முழுவதும் சாய்ந்துவிட இடம் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். மழைக் குறைவுக்குப் பாலிசி இருக்கலாம், அந்த ஒற்றைப் பயிரின் விலை விழுந்தால் அந்தப் பாலிசி உதவிக்கு வராது. வீட்டுக்குச் சாப்பாடு தரும் பயிருக்கான நிலத்தைத் தொடாமல், மிச்ச நிலத்தில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். முதல் வருடத்தில் அந்த மிச்சத்திலும் ஒரு பகுதி போதும்.

அப்புறம், எல்லாச் செலவையும் விதைப்பு நாளிலேயே கொட்ட வேண்டியதில்லை. உழவு, விதை, அடியுரம் ஆகியவை திரும்பி வராத செலவுகள். மேலுரம், இரண்டாம் களை, பூச்சிமருந்து ஆகியவை பின்னால் வருபவை, அதற்குள் மழை எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். முதல் பகுதியைக் காப்பீட்டின் தைரியத்தில் முழுமையாகச் செய்யுங்கள். நல்ல விதையில் மிச்சம் பிடிப்பது வீண். இரண்டாம் பகுதிக்கான பணத்தைக் கையில் வைத்திருந்து பயிரைப் பார்த்துப் போடுங்கள். அதே சமயம், காப்பீடு இருக்கிறதே என்று பயிரைக் கைவிடுவது கூடாது. வட்டார மகசூல் பாலிசியில் உங்கள் வயலைக் காயவிட்டால் இழப்பீடு ஒரு காசுகூடக் கூடப்போவதில்லை. வயலைப் பார்வையிடும் பாலிசி என்றால் பராமரிக்கவில்லை என்ற காரணமே மறுப்பதற்குப் போதும்.

ஆறாவது படி: கடனோடு சேர்த்து வரும் காப்பீடு

பயிர்க்கடனோடு காப்பீட்டையும் சேர்த்துக் கட்டித் தருவது பல நாடுகளில் வழக்கம். மலாவியில் விதைக் கடனை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் கடனை 33 சதவீத விவசாயிகள் எடுத்தார்கள். மழைக் காப்பீட்டோடு சேர்ந்த கடனை எடுத்தவர்கள் சுமார் 18 சதவீதம்தான். விசித்திரமாகத் தோன்றும். ஆனால் பயிர் போனால் கடன் கொடுத்தவர் வசூலிக்க அந்த விவசாயிகளிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கடனே ஒருவகைப் பாதுகாப்பாக இருந்தது. அதன்மேல் பிரீமியமும் கட்டினால் பாதுகாப்பு முக்கியமாகக் கடன் கொடுத்தவருக்குத்தான் என்பதே ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி: இழப்பீடு வந்தால் முதலில் யார் கணக்குக்குப் போகும்? கடன் கழிந்தபின் மிச்சம் எனக்கு வருமா? இந்தியாவில் 2020 காரீப் (மழைக்கால) பருவத்திலிருந்து பயிர்க்கடன் வாங்குபவர்களுக்கும் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னதாக வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரீமியத்தைப் பிடித்துவிடுவார்கள்.

ஏழாவது படி: தாளில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும்

பயிரின் பெயர், பரப்பு, நில எண், விதைத்த தேதி, வங்கிக் கணக்கு. இந்த ஐந்தும் நிலத்தில் உள்ளபடியே படிவத்தில் இருக்கிறதா என்று ரசீது வாங்கும் இடத்திலேயே நின்று பாருங்கள். ஒன்று பதிந்துவிட்டு வேறொன்று விதைத்தால் கோரிக்கை அங்கேயே முடிந்தது. குத்தகைக்கு உழுபவர்கள், குத்தகைக்கான சான்றை விதைப்புக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். சேதம் வந்தபின் நில உரிமையாளர் கையெழுத்துப் போட யோசிப்பார்.

பயிர் பற்றிய தவறான தகவல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலாவியே இன்னொரு உதாரணம். 2015-16 வறட்சிக்கு அந்த அரசாங்கமே, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு காப்பீட்டு அமைப்பில் பாலிசி எடுத்திருந்தது. நாடு வறண்டு கிடக்க, நஷ்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி (மாடல்) இழப்பீடு இல்லை என்றது. நீண்டநாள் மக்காச்சோள ரகத்தை வைத்து மாதிரியைச் செய்திருந்தார்கள், விவசாயிகளோ குறுகியநாள் ரகத்துக்கு மாறியிருந்தார்கள். மாதிரியைத் திருத்தியபின்தான் சுமார் 81 லட்சம் டாலர் வந்தது, அதுவும் காலம் கடந்து. நீங்கள் எடுக்கும் வானிலைப் பாலிசியில் எந்த ரகம், எந்த விதைப்பு வாரம் கணக்கில் இருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விதைத்தபின், முளைத்தபின், பூக்கும்போது, அறுவடைக்கு முன் என்று ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வையுங்கள். தேதியும் இடமும் பதிவாகும்படி எடுத்தால் இன்னும் நல்லது.

எட்டாவது படி: சேதம் வந்தால்

முதலில் தகவல் சொல்லுங்கள், அப்புறம் வயலைச் சுத்தம் செய்யலாம். இந்தியத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, அறுத்துக் காயப்போட்ட கதிர் நனைவது போன்ற தனி வயல் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு கெடு இருக்கலாம், அதைப் பாலிசியில் தேடிச் சுவரில் எழுதி வையுங்கள். போனில் சொன்னால் பதிவு எண் வாங்குங்கள். அதிகாரி வந்து பார்த்தால் அவர் எழுதிய சேத விகிதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டார மகசூல் திட்டம் என்றால் உங்கள் ஊரில் எந்த வயல்களை எப்போது மாதிரிக்காக அறுக்கப்போகிறார்கள் என்று விசாரித்து, நான்கு பேர் சேர்ந்து போய் எடைபோடுவதைப் பாருங்கள். சண்டை போட வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றாலே தராசு ஒழுங்காக நிற்கும்.

பணம் வர மாதங்கள் ஆகும். அடுத்த விதைப்புக்கு அந்தப் பணத்தை நம்பித் தேதி குறிக்காதீர்கள். விதைக்கும் உழவுக்கும் போதுமான ஒரு சிறு தொகை, இழப்பீட்டோடு சம்பந்தமில்லாமல், தனியாக இருக்க வேண்டும். மூன்றாவது படியில் தாங்கக்கூடிய நஷ்டத்தைக் கணக்கிட்டபோது இந்தத் தொகையைச் சேர்த்திருந்தால் அதைக் கழித்துவிட்டு வரம்பை மறுபடி போடுங்கள்.

மறுவருடம்

கானாவில் கவனித்த இன்னொரு விஷயம்: தனக்கோ தெரிந்தவருக்கோ இழப்பீடு வந்த அடுத்த வருடம் பாலிசி எடுப்பவர்கள் கூடினார்கள், கட்டியும் வராதவர்கள் பின்வாங்கினார்கள். மனித இயல்புதான், ஆனால் போன வருட மழைக்கும் வரும் வருட மழைக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது. மறுவருடம் பார்க்க வேண்டியவை வேறு. பிரீமியம் விகிதம் மாறியதா? எல்லைக்கோட்டைக் கீழே இறக்கிவிட்டார்களா? காப்பீட்டு அலகு ஒரு கிராமமாக இருந்தது பல கிராமங்களாக விரிந்துவிட்டதா? அலகு பெரிதாகப் பெரிதாக உங்கள் வயலின் நஷ்டம் சராசரியில் கரைந்துபோகும், மூன்றாவது கட்டம் வரும் வாய்ப்பு கூடும். அப்படி மாறியிருந்தால் போன வருடக் கணக்கு செல்லாது. நான்கு கட்டத்தையும் புது எண்களோடு மறுபடி எழுதிப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போங்கள்.